கண்டறிந்தவரே கொண்டு சென்றார்!

காஞ்சிபுரம் செல்லும் நம் தோழர்கள் அண்ணா பிறந்து வளர்ந்த இல்லத்தைப் பார்த்து நெஞ்சம் நெகிழ்கிறார்கள். பட்டுக் கடைகளில் ஏறி இறங்குகிறார்கள். பிறகு பேருந்து நிலையம் வந்து ஊர் திரும்பி விடுகிறார்கள். ஊரின் மேற்குப் பக்கம், வயல் வெளியை ஒட்டி நிற்கும் கைலாசநாதர் கோயில் வரை செல்பவர் சிலரே. அடுத்த முறை போகும்போது அங்கும் போய் வாருங்கள். கும்பிடப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கண் திறந்து பார்க்கப் போங்கள் என்கிறேன்.

கோயிலைச் சுற்றி மதிலோடு மதிலாகச் சிறு சிறு அறைகள் வரிசையாக இருக்கின்றன. குனிந்து உள்ளே பாருங்கள். சில சுவர்களில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடுகள் தெரியும். ஓரிடத்தில் ஒரு கண், இன்னோரிடத்தில் பாதி முகம், ஒரு கையின் வளைவு. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன், இராசசிம்ம பல்லவன் காலத்தில், தமிழகத்து ஓவியன் தீட்டியவை அவை. நம் மக்களே சுண்ணாம்பு பூசி மறைத்து விட்டிருந்தனர். அந்தப் பூச்சுக்கு அடியில் ஓவியம் இருக்கிறது என்று 1931-ஆம் ஆண்டில் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் காஞ்சிக்காரர் அல்லர், தமிழரும் அல்லர். புதுவையில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர். கபிரியேல் ழூவோ துப்ராய் என்பது அவர் பெயர்.

அந்த ஓவியங்களைக் கண்டறிவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னால், 1926-ஆம் ஆண்டில், இதே காஞ்சியிலிருந்து அரிய கற்சிலைகள் சிலவற்றைத் திரட்டிப் பாரிசு நகரத்துப் பழம்பொருள் வணிகர் ஒருவருக்கு அனுப்பி வைத்தவரும் அவரேதான்!

காஞ்சியின் பெருமையைக் கண்டறிந்தவர், காஞ்சியின் செல்வத்தைக் கொண்டு சென்றவர், இருவரும் ஒருவர். அவர் வாழ்க்கையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். புகழ்மாலை சூட்டவும் அல்ல, மண்ணை வாரித் தூற்றவும் அல்ல. தொழிலாளத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று அதிலே இருக்கிறது.

துப்ராய் 1885-ஆம் ஆண்டில் சைகோன் நகரில் பிறந்தவர். இன்று வியட்நாமின் பெரு நகராக விளங்கும் சைகோன், அன்று பிரெஞ்சு ஆட்சியின் பிடியில் இருந்தது. அவர் படித்தது வரலாறு அல்ல; இயற்பியலும் வேதியியலும். ஆசிரியராகப் பணியாற்றப் புதுவைக்கு வந்தார். புதுவையிலும் அந்நாளில் பறந்தது பிரெஞ்சுக் கொடியே. 1954-ல்தான் அது இறங்கிற்று. வெள்ளை அதிகாரிகள் கடற்கரை மாளிகையில் மாலைக் காற்று வாங்கிப் பொழுது போக்கிய காலத்தில், இந்த ஆசிரியர் மாட்டு வண்டிப் பாதைகளில் அலைந்தார். சிற்றூர்க் கோயில்களில் தூணைப் பார்த்தார், தூணின் தலையைப் பார்த்தார், அளந்தார், வரைந்தார்.

கற்றறிந்தோர் எழுதிய வடமொழிச் சிற்ப நூல்களைப் புரட்டிப் பார்த்து அவர் நிறைவடையவில்லை. கல் உளியும் கையுமாக வாழ்ந்த கம்மியர்களிடம் சென்றார். இதற்குப் பெயர் என்ன, இதை ஏன் இப்படி வளைக்கிறீர்கள் என்று கேட்டார். பரம்பரையாக அவர்கள் நாவில் வாழ்ந்த சொற்களைக் குறித்துக் கொண்டார். தமிழகக் கட்டடக் கலையின் இலக்கணத்தை அந்தப் பிரெஞ்சு அறிஞருக்குப் பாடம் சொன்னவர்கள் தமிழகத்துத் தொழிலாளர்கள்தான். இதை மறந்து விடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் கண்ட உண்மை எளியது. தூணுக்கு மேலே உத்தரத்தைத் தாங்க நீட்டியிருக்கிறதே ஒரு கல், அதற்குப் போதிகை என்று பெயர். பல்லவர் காலத்துப் போதிகை ஒரு வடிவம். சோழர் காலத்தில் அது மாறுகிறது. விசயநகரத்தார் காலத்தில் பூமொட்டுப் போலத் தொங்கத் தொடங்குகிறது. கூரை விளிம்பில் இருக்கும் கூடு என்ற அணியும் அப்படியே காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. ஆகவே கல்வெட்டே இல்லாத கோயிலானாலும், போதிகையையும் கூட்டையும் பார்த்து அது எந்தக் காலத்தது என்று சொல்லி விடலாம். காஞ்சி நெசவாளத் தோழர் ஒருவரிடம் பழைய சேலை ஒன்றைக் கொடுங்கள். கரையைத் தடவிப் பார்ப்பார், முந்தியைப் புரட்டுவார், இது கோர்வை போட்டு நெய்தது, இன்ன காலத்து வேலை என்று சொல்லி விடுவார். துப்ராய் செய்ததும் அதுதான். அவர் தொட்டுப் பார்த்தது கல், அதுதான் வேறுபாடு.

1914-ஆம் ஆண்டில் தென்னிந்தியத் தொல்லியல் பற்றி இரண்டு பகுதிகள் கொண்ட பெருநூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். பின்னர் பல்லவர் வரலாறு, பல்லவர் சின்னங்கள், திராவிடக் கட்டடக் கலை என்று நூல்கள் ஆங்கிலத்தில் வந்தன. பல்லவர் கோயில்களில் மகேந்திரன் பாணி எது, மாமல்லன் பாணி எது, இராசசிம்மன் பாணி எது என்று வகைப்படுத்தி முறையாக எழுதினார். இந்திய வரலாறு என்றால் அசோகரும் குப்தரும் மொகலாயரும் என்று பள்ளிக்கூடங்களில் பாடம் நடந்த நாள் அது. தெற்கே ஒரு கலை இருந்தது, அதற்குத் தனி இலக்கணம் இருந்தது, தனி வளர்ச்சி இருந்தது என்பதைச் சான்று காட்டி நிறுவியவர்களின் வரிசையில் துப்ராய்க்கு இடம் உண்டு. நன்றி கொன்ற இனமல்ல தமிழினம். அந்த நன்றியை நாம் மறுக்க மாட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுவைக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. அங்கே விளையாடிய ஊர்ப் பிள்ளைகள் கையில் மின்னும் மணிகள் கிடைப்பது வழக்கம். 1937-ஆம் ஆண்டு வாக்கில் அப்படிக் கிடைத்த மணிகளை அவர் காசு கொடுத்து வாங்கினார். அவருக்குக் கிடைத்த ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கப்பட்டிருந்தது. அது உரோமப் பேரரசன் அகஸ்டசின் உருவம் என்று சொன்னார். தமிழன் கடல் கடந்து உரோமரோடு வாணிகம் செய்தான் என்பதற்கு மண்ணிலிருந்தே சான்று கிடைக்கத் தொடங்கிய வேளை அது. 1945-ல் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். அரிக்கமேடு உலகப் புகழ் பெற்றது.

இவ்வளவு செய்தவர்தான், தோழர்களே, அந்தச் சிலைகளையும் அனுப்பினார்.

அவை என்ன சிலைகள்? யோகினியர் சிலைகள். யோகினியர் என்பது கூட்டமாக வைத்து வழிபடப்பட்ட பெண் தெய்வங்கள். ஒடிசாவில் ஹிராபூரிலும், மத்தியப் பிரதேசத்தில் பேடாகாட்டிலும் யோகினியருக்குக் கூரையே இல்லாத வட்டக் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. காஞ்சியில் இருந்தவர்கள் பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தவர்கள். கரிய வன்மையான கல். அமர்ந்த கோலத்திலேயே மூன்றே முக்கால் அடிக்கு மேல் உயரம். நான்கு கைகள். தலைமுடி தீயைப் போலப் பரந்து நிற்கும். உடம்பு பெண்மையின் எழில். முகத்தில் அச்சமூட்டும் ஆற்றல். இரண்டையும் ஒரே கல்லில் கொண்டு வந்த சிற்பியின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் இருந்த கோயில் இன்று இல்லை.

இந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று ஏறத்தாழ இருபது சிலைகளை ஆய்வாளர்கள் பின்னாளில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். இன்று எங்கே இருக்கிறார்கள் அந்தக் காஞ்சிப் பெண்கள்? ஒருத்தி வாஷிங்டனில். ஒருத்தி டெட்ராய்ட்டில். ஒருத்தி மினியாபொலிசில். ஒருத்தி கான்சாஸ் நகரில். ஒருத்தி கனடாவின் டொரான்டோவில். ஒருத்தி இலண்டன் பிரிட்டிஷ் காட்சிசாலையில். சென்னை அருங்காட்சியகத்துக்கும் சிலர் வந்து சேர்ந்தனர். ஒரே வளாகத்தில் தோளோடு தோள் அமர்ந்திருந்தவர்கள், கடலுக்கு அப்பால் ஆளுக்கொரு ஊரில், குளிரூட்டிய அறையில், ஒருவரை ஒருவர் காணாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாரிசில் அவற்றைப் பெற்றுக்கொண்டவர் சி.டி.லூ. அவர் வெள்ளைக்காரர் அல்லர், சீனர். பட்டுக்குப் பேர்போன ஹூசோ வட்டாரத்தில் 1880-ல் பிறந்து பாரிசுக்குப் போனவர். ஏழையாகப் போய்ச் செல்வச் சீமான் ஆனவர். காஞ்சிச் சிலைகள் கப்பலேறிய அதே 1926-ல்தான், பாரிசு நகரத்தின் நடுவே சிவப்பு வண்ணச் சீனக் கோபுரம் போன்ற மாளிகையைத் தன் கடையாக எழுப்பத் தொடங்கினார். சீனப் பேரரசன் தாய்சோங்கின் கல்லறையில் ஆறு குதிரைச் சிற்பங்கள் இருந்தன. அவற்றில் இரண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போனது அவர் கைவழியாகத்தான். இன்றளவும் சீன மக்கள் அதை எண்ணிக் கொதிக்கிறார்கள். தன் நாட்டுக் குதிரையை விற்றவருக்கு நம் நாட்டு யோகினி எம்மாத்திரம்? ஒரு தொகுதியை ஒன்றாகவே விற்க வேண்டும் என்ற கட்டாயம் வணிகருக்கு இல்லை. தனித்தனியே விற்றால் தனித்தனி விலை. அதனால்தான் அவர்கள் ஊருக்கு ஒருத்தியாகச் சிதறினார்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மண்ணில் புதைந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பழஞ்சின்னங்களைக் காக்கவும், பழம்பொருள் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தவும் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. அதிகாரம் ஏட்டில் இருந்தது. ஏற்றுமதியைத் தடுக்கத் தனிச் சட்டம் 1947-ல்தான் வந்தது. முழுமையான சட்டம் 1972-ல்தான் வந்தது.

அந்த நேரத்தில் காஞ்சியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1925 நவம்பரில்தான் காஞ்சிபுரத்துக் காங்கிரசு மாநாட்டில் வகுப்புவாரி உரிமை மறுக்கப்பட்டு, பெரியார் வெளியேறினார். தமிழக வரலாற்றின் போக்கே திரும்பிய நாள் அது. அதே 1925-ல்தான், கோயில் சொத்துக்குக் கணக்குக் கேட்கும் அறநிலையச் சட்டம், நீதிக்கட்சியின் பனகல் அரசர் அமைச்சரவை முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. 1926-ல் அண்ணாவுக்கு வயது பதினேழு. கோயில் நிலத்தை விழுங்கியவர்களைக் கணக்குக் கேட்கவே நம் முன்னோர் போராட வேண்டியிருந்த நேரம். தன் கோயிலையே இழந்து நின்ற சிலைகளுக்கு எந்தக் கணக்கேடு? எந்தப் பட்டியல்? பெயர் எழுதப்படாத பொருளைக் கொண்டு போவது எளிது. நெசவாளி தறிக்குழியில் இருந்தான். உழவன் வயலில் இருந்தான். அந்தக் கல்லின் அருமை அவர்களுக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை. சொல்லக்கூடிய அறிவு பெற்றிருந்தவர் ஒருவர் இருந்தார். அவர் பாரிசுக்கு எழுதினார்.

இதுதான் என் குற்றச்சாட்டு. அறியாமல் எடுத்துச் சென்றிருந்தால் மன்னித்து விடலாம். துப்ராய் அறிந்தவர். போதிகையைப் பார்த்தே நூற்றாண்டைச் சொன்னவர். ஒரு சிற்பத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்தால் வரலாற்றின் ஒரு பக்கம் கிழிகிறது என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? கம்மியரிடம் பாடம் கேட்டவர், கம்மியரின் பாட்டன் செதுக்கியதை வணிகருக்கு அனுப்பினார். பாடத்துக்கான குரு காணிக்கை இப்படியா முடிய வேண்டும்? சுவரோவியத்தைச் சுருட்டிக் கொண்டு போக முடியாது. அது காஞ்சியில் தங்கிற்று. சிலையைப் பெட்டியில் அடைக்க முடியும், அது போயிற்று.

அங்கே போனதால்தானே அவை பாதுகாப்பாக இருக்கின்றன என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பல்லவ ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தவர்கள் நாம்தானே! ஆனால் பாதுகாக்க நினைத்தவருக்குச் சென்னை அருங்காட்சியகம் ஐம்பது கல் தொலைவில் இருந்தது. அங்கே சேர்ந்த சிலைகளும் இன்று நலமாகத்தான் இருக்கின்றன. பாதுகாப்பு வேறு, விற்பனை வேறு.

இன்னொரு தோழர் கேட்பார்: பகுத்தறிவு பேசும் நமக்குச் சாமி சிலைகளைப் பற்றி என்ன கவலை? நல்ல கேள்வி. கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் கருத்து. அந்தக் கல்லை மலையிலிருந்து வெட்டியது யார்? இழுத்து வந்தது யார்? உளி பிடித்துக் கை காய்த்தது யார்? உழைப்பாளி. அந்த உழைப்பாளி தன் பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை. அவன் விட்டுச் சென்ற கையெழுத்து அந்தச் சிலை மட்டுமே. கடவுளை நம்பாதவன் அந்தக் கையெழுத்தை மதிக்கக் கூடாது என்று எந்தப் பகுத்தறிவும் சொல்லவில்லை.

இந்த வாணிகம் இன்றும் நின்று விடவில்லை. இலண்டனிலும் பாரிசிலும் நியூயார்க்கிலும் ஏலக் கூடங்கள் இருக்கின்றன. சாமி சிலை, தாயத்து, தூண்டாமணி விளக்கு, தேரிலிருந்து பெயர்த்த மரச் சிற்பம் என எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து, படம் அச்சிட்டுப் பட்டியல் போடுகிறார்கள். சுத்தியல் தட்டியதும் பொருள் கைமாறுகிறது. அதிலே ஒரு வேடிக்கை கேளுங்கள். களவுப் பொருள் வாணிகத்தைத் தடுக்க 1970-ல் உலக நாடுகள் யுனெஸ்கோவில் ஓர் உடன்பாடு செய்தன. ஆகவே 1970-க்கு முன்பே நாட்டை விட்டு வெளியேறிய பொருள் என்றால் வாங்குவோருக்கு அச்சமில்லை, விலையும் உயர்வு. பட்டியலில் பழைய உடைமையாளர்களின் பெயர்களை வரிசையாக அச்சிடுகிறார்கள். அந்த வரிசையில் சி.டி.லூ என்ற பெயர் இருந்தால் அது ஒரு நற்சான்றிதழ்! கொண்டு போனவரின் பெயரே இன்று பொருளுக்குப் பத்திரம் ஆகிவிட்டது. செதுக்கியவனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

காஞ்சி நெசவாளிக்கு இது புதுக் கதை அல்ல. கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் கை வேண்டும். நாள் கணக்கில் இருவரும் முதுகு வளைத்து நெய்த சேலை, கண்ணாடிக் கடையில் என்ன விலைக்குப் போகிறது, நெய்த கைக்கு என்ன கூலி வருகிறது என்பது அவருக்குத் தெரியும். 1976-ல் பத்தூரில் மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவருக்குச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவர் கையில் விழுந்தது சொற்பக் காசு. அதில் இருந்த நடராசர் சிலை இலண்டனில் பெருந்தொகைக்குப் போயிற்று. ஆனால் அங்கே கதை வேறு விதமாக முடிந்தது. வழக்கு நடந்தது. இடிந்து கிடந்த கோயிலுக்கும் உரிமை உண்டு என்று இலண்டன் நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. 1991-ல் சிலை திரும்பிற்று. உத்தரப் பிரதேசத்து லோகாரி என்ற ஊரிலிருந்து களவு போன யோகினியர் இருவர், ஒருத்தி 2013-ல் பாரிசிலிருந்தும், மற்றொருத்தி 2022-ல் இங்கிலாந்திலிருந்தும் வந்து சேர்ந்தார்கள்.

அப்படியானால் காஞ்சி யோகினியர்? சட்டத்தின் படிக்கட்டில் ஏறி அவர்களை மீட்பது எளிதல்ல. அவர்கள் போனது 1926, உடன்பாடு 1970, நம் சட்டம் 1972. ஆனால் நியாயத்தின் குரலுக்கு ஆண்டுக் கணக்கு இல்லை. அந்தக் காட்சிசாலைகள் ஒவ்வொன்றையும் நோக்கி, இவள் எங்கள் ஊர்ப் பெண், இவளை ஒருமுறையேனும் தன் உடன்பிறந்தாரோடு காஞ்சியில் உட்கார வையுங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்க வேண்டுமானால் முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். காஞ்சியில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

இங்கேதான் நம் பணி இருக்கிறது. புதுவையில் 1955-ல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டு முதலே தமிழகத்துக் கோயில் சிலைகளைப் படம் எடுத்து வைத்தது. களவு போன பல சிலைகளை அடையாளம் காட்டி மீட்க, நம் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்குக் கைகொடுத்தவை அந்தப் படங்களே. புதுவைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கொண்டு போனார். புதுவைப் பிரெஞ்சு நிறுவனமே எடுத்த படங்கள் மீட்டுக் கொடுத்தன. ஒரு படம், ஒரு பதிவு, ஒரு குறிப்பு இருந்தால் போதும், கள்ளனின் கை கட்டுண்டு விடும்.

நம் கிளைக் கழகம் இல்லாத சிற்றூர் உண்டா? தோழர்கள் கையில் இன்று படம் எடுக்கும் கருவி இல்லாதிருக்கிறதா? உங்கள் ஊர் வயலில் சாய்ந்து கிடக்கும் கல், மரத்தடியில் பாதி புதைந்த சிலை, குளக்கரையில் துணி துவைக்கும் எழுத்துக் கல், இவற்றைப் படம் எடுங்கள். இடமும் நாளும் எழுதுங்கள். தொல்லியல் துறைக்கும் வட்டாட்சியருக்கும் படி அனுப்புங்கள். ஊர்ப் படிப்பகத்தில் ஒரு படி வையுங்கள். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரைப் பிறர் திருடாமல் இருக்க 2005-ல் புவிசார் குறியீடு பெற்றோம் அல்லவா? கல்லுக்கும் அப்படி ஒரு பதிவு தேவை. அதைச் செய்ய நாமே போதும்.

துப்ராய் 1945-ஆம் ஆண்டில் பாரிசில் மறைந்தார். அவர் எழுதிய நூல்கள் நம்மிடம் இருக்கின்றன; அவர் அனுப்பிய சிலைகள் நம்மிடம் இல்லை. நூல்களுக்கு நன்றி சொல்வோம். சிலைகளுக்குக் கணக்குக் கேட்போம். நன்றி சொன்னதால் கணக்கு அடைபட்டு விடாது; கணக்குக் கேட்டதால் நன்றி குறைந்து விடாது. ஒருவர் பொருளின் அருமையை அறிந்தார் என்பதற்காக அது அவருடையதாகி விடாது. அது யாருடையதோ அவர்கள் அதை அறிந்துகொள்ளாத வரை, கொண்டு போக யாரேனும் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

கைலாசநாதர் கோயிலின் சிறு அறையில் அந்தப் பாதி முகம் இன்னும் இருக்கிறது. போய்ப் பாருங்கள், தோழர்களே!